லேக்கம் மாத்தயா

எனக்குச் சிங்களம் தெரியும் என்று நாற்பது வருடங்களாக நம்பி வந்திருக்கிறேன். கொழும்பில் பத்திரிகைத் தொழில் செய்பவனுக்கு அந்த நம்பிக்கை அவசியமானது. பஸ் நடத்துநரிடம் மீதிக் காசு கேட்பதற்கும், பொலிஸ் நிலையத்தில் பொறுப்பதிகாரி இருக்கிறாரா என்று விசாரிப்பதற்கும், நள்ளிரவில் அச்சு இயந்திரம் நின்றுபோனால் அதை ஓட்டுபவரோடு சண்டை பிடிப்பதற்கும் என்னுடைய சிங்களம் போதுமாகவே இருந்தது. ஆனால், நான் யார் என்று இன்னொருவருக்குச் சொல்லிக்கொள்ள அது போதாது என்பதை 2018ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில், கொழும்புக் கோட்டையிலிருந்து காலிக்குச் செல்லும் புகையிரதத்தின் மூன்றாம் வகுப்புப் பெட்டியில் வைத்து அறிந்துகொண்டேன்.

காலி இலக்கிய விழா 2007இல் ஆரம்பமானது. இடையில் சில வருடங்கள் நின்றுபோய், 2016இல் மீண்டும் தொடங்கியிருந்தது. உலகின் பல பாகங்களிலிருந்தும், பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதுபவர்கள் அங்கு வருவார்கள். நான் அந்த விழாவுக்கு அழைக்கப்பட்டவன் அல்லன். காலிக் கோட்டைக்குள் தங்கியிருந்த நண்பர் ஒருவர் என்னுடைய சிறுகதைகள் இரண்டை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்திருந்தார். விழாவுக்காக ஊரில் ஆட்கள் கூடும் நாட்களில், தான் இருந்த வீட்டின் முற்றத்தில் ஒரு மாலை வாசிப்பை ஒழுங்கு செய்து, என்னையும் வரச் சொன்னார். கல்யாண வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் பந்தியில் இருப்பதைப் போன்ற ஒரு கௌரவம். ஆனாலும் அறுபது வயதைத் தாண்டிய தமிழ் எழுத்தாளன் ஒருவன் இப்படியான அழைப்புகளைத் தட்டிக்கழிப்பதில்லை. புதுச் சட்டை ஒன்று வாங்கிக்கொண்டு புறப்பட்டேன்.

எனக்கு முன் ஆசனத்தில் எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு பெரியவர். வெள்ளைச் சறமும் சேர்ட்டும் அணிந்து, மடியில் ஒரு பிளாஸ்டிக் கோப்பை வைத்திருந்தார். பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் முகாமையாளராக இருந்து ஓய்வுபெற்றவர் என்பதை மொறட்டுவையைத் தாண்டுவதற்குள் சொல்லிவிட்டார். “வடே, வடே, கடல, கடல” என்று கூவிக்கொண்டு வந்த வியாபாரியிடம் இரண்டு சுருள் கடலை வாங்கி, ஒன்றை என்னிடம் நீட்டினார். யாரோ ஒரு பிள்ளையின் கணித விடைத்தாளில் சுற்றியிருந்தது. புள்ளி 38. நான் அந்தப் பிள்ளைக்காக வருந்திக்கொண்டிருந்தபோதுதான் அவர் கேட்டார்:

“மாத்தயாவுக்கு என்ன உத்தியோகம்?”

சிங்களத்தில் எழுத்தாளரை ‘லேக்ககயா’ என்பார்கள். செயலாளரை ‘லேக்கம்’ என்பார்கள். இரண்டும் எழுத்தோடு தொடர்புள்ள சொற்கள்தான். ஆனால் ஒன்றுக்குப் பின்னால் அமைச்சு, வாகனம், சாரதி, சிவப்பு முத்திரை எல்லாம் இருக்கின்றன. மற்றதற்குப் பின்னால் ஒன்றும் இல்லை. நான் சற்றே பெருமிதத்துடன், “நான் லேக்கம்” என்றேன்.

பெரியவர் தம் கால்களை இழுத்துக்கொண்டார். நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“எந்த அமைச்சு?”

நான் எந்த நிறுவனத்தில் எழுதுகிறேன் என்று கேட்கிறார் போலும் என்று நினைத்துக்கொண்டேன். “ஒன்றிலும் இல்லை. இப்போது சுயாதீனம்” என்றேன்.

“ஆ! சுயாதீன ஆணைக்குழு!”

வாசகர்களுக்கு நினைவிருக்கலாம். 2015இல் பத்தொன்பதாவது திருத்தம் நிறைவேறிய பின்னர், சுயாதீன ஆணைக்குழு என்ற சொல் நாட்டில் எல்லோருடைய வாயிலும் இருந்தது. பெரியவருக்கு எல்லாம் பொருந்திவிட்டது. எதற்காகக் காலிக்குப் போகிறேன் என்று கேட்டார். இலக்கிய விழாவுக்கு என்றேன். பிரதம அதிதியாகவா என்றார். இல்லை, சின்னதாக ஏதோ பேசவேண்டும் என்றேன். அவர் தலையாட்டினார். இந்த நாட்டில் இலக்கிய விழாக்களில் பேசுகிறவர்கள் எழுத்தாளர்கள் அல்லர், செயலாளர்களே என்பது அவருடைய அனுபவம். என்னுடைய அனுபவமும் ஏறக்குறைய அதுதான்.

ஒரேயொரு முரண்பாடுதான் அவருக்கு இருந்தது. லேக்கம் ஒருவர் மூன்றாம் வகுப்பில் பயணம் செய்வது எப்படி? அதையும் அவரே தீர்த்துக்கொண்டார். பக்கத்திலிருந்தவர்களை நோக்கி, “பார்த்தீர்களா, இப்படியும் மனிதர்கள் இருக்கிறார்கள்” என்றார். மூலையில் குழந்தையோடு இருந்த பெண் என்னைக் கும்பிட்டாள். நின்றுகொண்டு வந்த ஒரு பாடசாலை மாணவன் என் பையை வாங்கி மேல்தட்டில் வைத்தான். நாற்பது வருட எழுத்து வாழ்க்கையில் எனக்குக் கிடைத்திராத மரியாதை. ஏன் கிடைக்கிறது என்று தெரியாமலேயே அதைக் களுத்துறை வரை அனுபவித்தேன். தென்னிலங்கையில் எழுத்தாளனை எப்படி மதிக்கிறார்கள் பார் என்று மனதுக்குள் ஒரு கட்டுரையும் எழுதத் தொடங்கிவிட்டேன்.

அளுத்கமவில் வண்டி சற்று நேரம் நின்றது. அப்போது பெரியவர் அந்தக் கோப்பைத் திறந்து, தட்டச்சு செய்த ஒரு மனுவை எடுத்து என் மடியில் வைத்தார். அவருடைய ஒரே மகள் ஆசிரியை. மொனராகலை மாவட்டத்தில் ஒரு கிராமப் பாடசாலையில் ஒன்பது வருடங்களாகப் படிப்பிக்கிறார். ஊவா மாகாணத்திலிருந்து தென் மாகாணத்துக்கு இடமாற்றம் வேண்டும். ஒரு மாகாணம் விடுவிக்க வேண்டும், மற்றது ஏற்றுக்கொள்ள வேண்டும். ஒருவர் சம்மதிக்கும்போது மற்றவர் கதிரையில் இருப்பதில்லை. “லேக்கம் மாத்தயா ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்தால் போதும்” என்றார்.

அந்தக் கணத்தில்தான் எனக்கு விளங்கியது. காது சூடாகிவிட்டது. “ஐயோ, நான் அந்த லேக்கம் இல்லை. கதை எழுதுகிற ஆள்” என்றேன். காற்றில் பேனாவைப் பிடித்து எழுதியும் காட்டினேன்.

அவர் சிரித்தார். “தெரியும், தெரியும். பெரிய உத்தியோகத்தர்கள் நிறையப் பேர் கதையும் எழுதுகிறார்கள். கொக்கலையில் பிறந்த மார்ட்டின் விக்கிரமசிங்கவும் ஒரு காலத்தில் கணக்கெழுதியவர்தானே.”

“நான் உத்தியோகத்தன் இல்லை. பத்திரிகையில் வேலை செய்து ஓய்வுபெற்றவன்.”

“மாத்தயா எவ்வளவு பணிவாகப் பேசுகிறீர்கள்” என்று குழந்தையோடிருந்த பெண் சொன்னாள்.

மறுக்க மறுக்க என் பதவி உயர்ந்துகொண்டே போயிற்று. இனி மனுவை மடித்து அவருடைய கோப்புக்குள் பலவந்தமாக வைத்துவிடுவதுதான் வழி என்று தீர்மானித்தேன். அம்பலாங்கொடை கடந்துவிட்டது. வண்டி வேகம் குறைந்தது போலிருந்தது. பெரியவர் பேச்சை நிறுத்திவிட்டு யன்னலுக்கு வெளியே கையை நீட்டினார்.

“பெரலிய” என்றார்.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி, கொழும்பிலிருந்து வந்த புகையிரதம் சுனாமியில் அகப்பட்ட இடம். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அந்த ஒரு வண்டியில் இறந்தார்கள். அந்த வாரம் முழுவதும் நான் ஆசிரியபீடத்திலேயே படுத்து எழுந்தவன். அந்த இடத்தின் படங்களை எத்தனை தடவை முதற்பக்கத்துக்குத் தெரிவு செய்திருப்பேன் என்று கணக்கில்லை. ஆனாலும் அந்தத் தண்டவாளத்தில், அந்தக் கடலுக்கு அவ்வளவு அருகில், நானே ஒரு வண்டியில் இருந்து அதைப் பார்த்தது அன்றுதான்.

“அன்று போயா தினம். அக்கா தானத்துக்காக எங்கள் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தா” என்றார் பெரியவர். “அதற்குப் பிறகு மனைவிக்குக் கடல் இரைகிற சத்தம் கூடினால் நித்திரை இல்லை. எழும்பி வாசலில் உட்கார்ந்திருப்பாள். மகள் பக்கத்தில் இருந்தால் பரவாயில்லை.”

இதை அவர் மனுவில் எழுதியிருக்கவில்லை.

நான் மனுவை மடித்தேன். என்னுடைய பைக்குள் வைத்தேன். ஹிக்கடுவையில் இறங்கியவர் மேடையில் நின்று, வண்டி புறப்படும் வரை கைகூப்பிக்கொண்டிருந்தார். யன்னலால் தலையை நீட்டி, “நான் லேக்கம் இல்லை” என்று இன்னொரு முறை கத்தினேன். அவர் இன்னும் ஆழமாகக் குனிந்து வணங்கினார்.

காலியைப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. போர்த்துக்கேயர் தொடங்கி ஒல்லாந்தர் பெருப்பித்த கோட்டை, யுனெஸ்கோ 1988இல் உலக மரபுரிமையாக அறிவித்த இடம், சுனாமியிலும் மதில்கள் உள்ளே இருந்த வீடுகளைக் காப்பாற்றின என்பதெல்லாம் எல்லோரும் அறிந்தவை. விழா அமர்வு ஒன்றுக்கும் போனேன். நன்றாகப் பேசினார்கள். எனக்கு நினைவில் நிற்பது அந்த மாலை வாசிப்புத்தான்.

முற்றத்தில் இருபது பேர் வரை இருந்தார்கள். முக்கால்வாசிப் பேர் வெளிநாட்டவர். ஏனையோர் கொழும்பிலிருந்து வந்த ஆங்கிலம் பேசும் கனவான்களும் சீமாட்டிகளும். நண்பர் ஏற்பாட்டின்படி, நான் முதலில் தமிழில் ஐந்து நிமிடம் வாசிப்பது, பிறகு அவர் ஆங்கிலத்தில் தொடர்வது. நான் வாசித்த பகுதி, எங்கள் ஊர் இணக்க சபையின் முன்னால் இரண்டு பெண்கள் ஒரு கோழிக்காகச் சண்டை பிடிக்கும் காட்சி. யாழ்ப்பாணத்தில் அதை வாசித்தபோது முன் வரிசையில் ஒருவர் சிரித்துப் புரைக்கேறித் தண்ணீர் கேட்டவர். காலியில் சபை கண்களை மூடிக் கேட்டது. வாசித்து முடித்ததும் நீண்ட மௌனம். பின்னர் வெள்ளைத் தலைமுடியுடன் இருந்த ஓர் அம்மையார் என் கையைப் பற்றிக்கொண்டு, எவ்வளவு துயரம், ஒரு வார்த்தையும் புரியாவிட்டாலும் இழப்பு என்பது அப்படியே நெஞ்சில் வந்து மோதியது என்றார். இழப்புத்தான், இல்லையென்று சொல்வதற்கில்லை. அடைக்கு வைத்திருந்த பேட்டுக்கோழி. “நன்றி” என்றேன். நண்பர் ஆங்கிலத்தில் வாசிக்கத் தொடங்கியதும் எல்லோரும் சிரித்தார்கள். அம்மையார் மட்டும் சிரிக்கவில்லை. மொழிபெயர்ப்பில் ஏதோ கெட்டுவிட்டது என்று அவர் நினைத்திருக்க வேண்டும்.

தேநீர் வேளையில் ஒருவர் வந்து, தமிழில் எழுதுவது எப்படியிருக்கும் என்று பார்க்க விரும்புவதாகச் சொன்னார். அவருடைய பெயரை விழா நிகழ்ச்சி நிரலின் ஓரத்தில் எழுதிக் கொடுத்தேன். அதைக் கண்டு இன்னொருவர் வந்தார். சற்று நேரத்தில் ஒரு வரிசையே நின்றது. கையெழுத்து வாங்க வரிசை நிற்பதை நான் கனவில் கண்டிருக்கிறேன். நனவில் நின்றபோது, ஒருவர்கூட என்னுடைய பெயரை எழுதச் சொல்லிக் கேட்கவில்லை. அவரவர் தத்தம் பெயரையே கேட்டார்கள். ஆய்த எழுத்துக்கு அன்று மாலை நான் செய்த சேவையை என் வாழ்நாள் முழுவதிலும் செய்ததில்லை.

வரிசையின் கடைசியில் நின்றவர் ஓர் அவுஸ்திரேலிய இளைஞர். அவர் பெயரை எழுதக் கேட்கவில்லை. ஒரு சொல் வேண்டும் என்றார். ‘கடல்’. உணவட்டுனவில் ஒரு வாரமாக நீந்திக்கொண்டிருக்கிறாராம். வாழ்க்கையில் இப்படியொரு மகிழ்ச்சியை அனுபவித்ததில்லையாம். அந்தச் சொல்லைத் தோளில் பச்சை குத்திக்கொள்ளப் போகிறார்.

எனக்கு நடுக்கம் கண்டுவிட்டது. பத்திரிகையில் பிழை விட்டால் மறுநாள் ஒரு மூலையில் ‘வருந்துகிறோம்’ என்று போட்டுவிட்டுத் தப்பித்துவிடலாம். தோலில் அப்படி முடியாது. ‘கடல்’ என்ற சொல்லில் உள்ள ஆபத்து அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. குத்துகிறவர் லகரத்தின் மேலுள்ள புள்ளியை ஓர் அழுக்கு என்று நினைத்து விட்டுவிட்டால் அது ‘கடல’ ஆகிவிடும். காலை முழுவதும் புகையிரதத்தில் கூவி விற்றார்களே, அதுதான். அலங்காரம் கருதி முன்னால் ஒரு சுழியைச் சேர்த்தாலோ தமிழிலும் கடலை. ஒரு மனிதன் ஆயுள் முழுவதும் தன் தோளில் கடலை விற்றுக்கொண்டு திரிய நான் காரணமாகக் கூடாது. பெரிய தாளில், கை அகலத்துக்கு எழுதினேன். புள்ளியை வட்டமிட்டு, ‘இது எழுத்தின் பகுதி, கட்டாயம் தேவை’ என்று ஆங்கிலத்தில் அடிக்கோடிட்டேன். முன்னால் ஒன்றும் சேர்க்கக் கூடாது என்றும் எழுதினேன். நான் எழுதிய எந்த ஆசிரிய தலையங்கத்துக்கும் இவ்வளவு கவனம் செலுத்தியதில்லை.

அவர் நன்றி சொல்லிப் போனார். அவர் கையில் அந்தச் சொல் போய்க்கொண்டிருந்தபோது, காலையில் பெரலியவைக் காட்டிய கை எனக்கு ஞாபகம் வந்தது. எதுவும் சொல்லவில்லை. அந்த இளைஞரின் சந்தோஷத்தில் பிழை ஒன்றும் இல்லை.

மறுநாள் காலை கோட்டை மதிலில் நடந்து, வெளிச்சவீட்டுக்கு எதிரே இருக்கும் மீரான் பள்ளிவாசலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தூரத்தில் நின்று பார்ப்பவர்கள் தேவாலயம் என்றே நினைப்பார்கள். பிறகு உள்ளே ஒரு சிறு வீதியில் தேநீர்க்கடை ஒன்றைக் கண்டேன். முதல்நாள் பட்ட பாடு போதாதென்று, மறுபடியும் சிங்களத்தில் ஓர் இஞ்சிப் பிளேன்டீ கேட்டேன்.

“தமிழ்ல கேளுங்க ஐயா. உங்கட சிங்களத்துக்கு டீ பழுதாப் போகும்” என்றார் கடைக்காரர். தொப்பி அணிந்த, என் வயதுக்காரர்.

இந்த முறை எச்சரிக்கையாகவே பதில் சொன்னேன். எழுத்தாளன், பத்திரிகையில் இருந்தவன், இன்ன பத்திரிகை, இன்ன பெயர். அவர் கேத்தலைக் கீழே வைத்தார்.

“தொண்ணூற்றேழுல ஞாயிற்றுப் பேப்பர்ல காலிக் கல்வெட்டப் பத்தி எழுதின ஆளா?”

இருபத்தொரு வருடங்கள். இலக்கிய விழாவுக்கு நடுவில், கோட்டைக்குள், ஒரு வாசகர். நான் எழும்பி நிற்காத குறை.

“ஓம், நான்தான்.”

“அதுல பிழை ஈக்கிது.”

சீனக் கடற்படைத் தளபதி செங் ஹே கொண்டுவந்த மும்மொழிக் கல்வெட்டைப் பற்றியது அந்தக் கட்டுரை. 1409ஆம் ஆண்டுத் திகதி பொறிக்கப்பட்டது. 1911இல் காலியில் ஒரு மதகின் மூடுகல்லாகக் கிடந்து கண்டெடுக்கப்பட்டு, கொழும்பு தேசிய நூதனசாலையில் வைக்கப்பட்டது. சீன மொழியில் புத்தருக்கும், தமிழில் தெவிநுவரவில் கோயில்கொண்டிருந்த தெனவரை நாயனாருக்கும் காணிக்கைகள் சொல்லப்பட்டிருக்கின்றன. தமிழ் எழுத்து மதகுக்கு மூடியாய்க் கிடந்ததைப் பற்றி உருக்கமாக இரண்டு பந்தி எழுதியிருந்தேன். அதற்குப் பாராட்டும் கிடைத்தது. மூன்றாவது மொழி அறபு என்று எழுதியிருந்தேன்.

“எழுத்துத்தான் அறபு. பாஷை பாரசீகம்” என்றார் கடைக்காரர். “உங்கட பாஷையப் பத்தி ரெண்டு பந்தி அழுதீங்க. மத்தப் பாஷையோட பேரக்கூடச் சரியாப் போடல்ல. அந்தக் கிழமையே கடிதம் எழுதினேன். ரெண்டு பக்கம். பதிலும் இல்ல, பேப்பர்ல போடவும் இல்ல.”

அந்தக் காலத்தில் ஞாயிறு இதழின் வாசகர் கடிதப் பகுதிக்கும் நான்தான் பொறுப்பு. இதை அவரிடம் சொல்லவேண்டிய தேவை இருக்கவில்லை. ஆனாலும் சொன்னேன். என் மேசைக்குக் கீழே ஒரு காட்போட் பெட்டி இருந்தது. கிழமைக்கு ஐந்தாறு கடிதங்களுக்குத்தான் இடம். விளம்பரம் வந்தால் அதுவும் இல்லை. பாராட்டுகிறவை முதலில் போகும். வீதி விளக்கு, குடிதண்ணீர், ஓய்வூதியம் பற்றியவை அடுத்தது. எங்கள் பிழையைச் சுட்டிக்காட்டுகிறவை பெட்டியின் அடிக்குப் போகும். பெட்டி நிரம்பினால் பழைய காகிதக்காரன் வருவான். எத்தனை மனிதர்கள் மேசையில் விளக்கேற்றி வைத்துக்கொண்டு, வெட்டித் திருத்தி, நல்ல பிரதி எடுத்து, முத்திரை ஒட்டி அனுப்பியவற்றை நான் காலால் உள்ளே தள்ளியிருப்பேன். அவருடைய இரண்டு பக்கமும் கடலைச் சுருளாகத்தான் போயிருக்கும்.

அவர் கோபப்படவில்லை. பிளேன்டீயைக் கொண்டுவந்து வைத்து, எதிரே உட்கார்ந்தார். நான் பையிலிருந்த மனுவை எடுத்து, நடந்ததைச் சொன்னேன். ‘லேக்கம்’ என்ற இடத்தில் அவர் மேசையைத் தட்டிச் சிரித்தார். பெரலிய என்றதும் சிரிப்பை நிறுத்தி, மனுவை வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார்.

“இது மனு இல்ல, அழுகை. கந்தோர்ல இத வாசிக்க மாட்டாங்க. எத்தின வருஷம் சேவை, எந்தத் திகதியில முதல் விண்ணப்பம், யார் மறுத்தது, அது முன்னுக்கு வரணும். பொஞ்சாதிட விஷயமும் வரணும், ஆனா கடைசில, ரெண்டே வரி.”

ஒரு மணித்தியாலத்துக்கு மேலாக இருந்து எழுதினோம். அவர் சிங்களத்தில், அழகான உருண்டை எழுத்தில். நான் ஆங்கிலத்தில் ஓர் இணைப்புக் கடிதம். இடையில் வந்த வாடிக்கையாளர்கள் இரண்டு பேரைத் தாங்களே தேநீர் ஊற்றிக்கொள்ளச் சொன்னார். நண்பர் இரண்டு முறை தொலைபேசியில் அழைத்து, பதினொரு மணி அமர்வுக்கு இடம் பிடித்து வைத்திருப்பதாகச் சொன்னார். நான் போகவில்லை. எழுதி முடிந்ததும் கையெழுத்துக்குக் கீழே என்ன பதவி போடுவது என்று கடைக்காரர் கேட்டார்.

“எழுத்தாளர்.”

“சிங்களத்துல ‘லேக்கக’ண்டு போடுறேன். ‘ம்’ போட்டா ரெண்டு பேரும் உள்ளுக்குப் போகணும்.”

இரு மாகாணங்களின் கல்வித் திணைக்களங்களுக்கும் அன்றே பதிவுத் தபாலில் அனுப்பினேன். பிரதி ஒன்றை, என் விலாசத்தையும் நான் யார் என்ற விளக்கத்தையும் தெளிவாக எழுதி, ஹிக்கடுவைப் பெரியவருக்கு அனுப்பினேன். தேநீருக்குக் கடைக்காரர் காசு வாங்க மறுத்தார். திருத்தம் பேப்பரில் வந்தால் போதும் என்றார்.

கொழும்பு திரும்பியதும் அப்போது நான் வாரந்தோறும் எழுதிவந்த பத்தியில் அதைச் செய்தேன். இருபத்தொரு வருடங்கள் தாமதமான ‘வருந்துகிறேன்’. மூன்றாவது மொழி பாரசீகமே என்றும், சுட்டிக்காட்டிய காலி அன்பருக்கு நன்றி என்றும் எழுதினேன். ஞாயிறு காலை பத்து மணிக்குத் தொலைபேசி அடித்தது.

“பார்த்தேன். பாரசீகம் சரி. ஆனா வருஷத்த 1490 எண்டு போட்டீக்கி.”

அச்சில் இலக்கம் மாறிவிட்டது. அதற்கும் ஒரு திருத்தம் போட்டேன்.

மே மாதத்தில் ஒரு கடிதம் வந்தது. உறையின் மேல் என் பெயருக்கு முன்னால் ‘லேக்கம் மாத்தயா’ என்று எழுதியிருந்தது. கொண்டுவந்து தந்த தபால்காரர் அன்றிலிருந்து என்னை அப்படித்தான் அழைக்கிறார். சிங்களத்தை நான் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். பாதி நாள் பிடித்தது. மகளுக்கு இடமாற்றம் கிடைத்துவிட்டது. வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் பாடசாலை. மகளின் பெயர் ஏற்கெனவே பட்டியலில் இருந்திருக்கவும் கூடும். எங்கள் கடிதத்தை யாரும் பிரித்தே பார்த்திருக்காமலும் இருக்கலாம். மனைவி இப்போது நித்திரை கொள்கிறாளா என்பதைப் பற்றிக் கடிதத்தில் ஒன்றும் இல்லை. இரண்டு முறை தேடிப் பார்த்தேன்.

உறைக்குள் இன்னொரு தாளும் இருந்தது. மருமகன் மின்சார சபையில் வேலை செய்கிறாராம். அவர் இன்னும் மொனராகலையில். அவருக்கான மனு, மூன்று பிரதிகள். கடைசியில் பெரியவர் தம் கையால் ஒரு குறிப்பு எழுதியிருந்தார்: மாத்தயா அடுத்த முறை காலிக்கு வரும்போது இரண்டாம் வகுப்பில் வாருங்கள், யாரும் குறை நினைக்கமாட்டார்கள்.

நான் காலித் தேநீர்க்கடைக்குத் தொலைபேசி எடுத்தேன்.